மூன்று நாள் கசப்பு

நிலவேம்புச் சத்தை ஆய்வகத்தில் நகல் செய்து, கசப்பை மட்டும் கழற்றிவிட்ட மாத்திரை வந்தபின், உலை கொதிப்பதற்குள் வைரஸ் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. காய்ச்சல் விடுப்பும் அதோடு போயிற்று. பழைய கஷாயமே போதும் என்பவர்களுக்கு மட்டும், செடி நிதானமாகத்தான் வேலை செய்யும் என்பதால், மூன்று நாள் விடுப்பு உண்டு. ஆனால் அலுவலக ஆள் ஒருவர் திரையில் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும்.

டிரோன் டிப்போவில் வேலை பார்க்கும் திலகாவுக்கு நூற்றியிரண்டு டிகிரி. மாத்திரையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலாளர் குமரகுருபரன் திரையில் பார்க்கப் பார்க்க, கஷாய டம்ளரை வாயில் கவிழ்த்துக்கொண்டாள். கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணில் நீர் முட்டியது.

"போதும்மா, மூஞ்சியே சொல்லுது. மூணு நாள் நல்லாத் தூங்கு" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் காலையிலேர்ந்து உடம்பு அனலாக் கொதிக்குது. நீயே சாட்சி போட்டுடேன்."

அவரும் ஒரு டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டார்.

திலகா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சாட்சி போட்டுட்டேன் சார். அடுத்த தடவை காபி குடிச்சா, மூஞ்சியையாவது கொஞ்சம் சுளிங்க."