கைப்பிடியின் வாதம்

இருவர் மட்டும் உட்காரக்கூடிய பழைய பந்தயக் கார் ஒன்று இருந்தது. அதன் வலக்கதவில், கையால் சுற்றி ஜன்னல் கண்ணாடியை ஏற்றும் கைப்பிடி இருந்தது. வேறொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய இடக்கதவில், அதே வேலைக்கு ஒரு மோட்டார் இருந்தது.

மலையேறும் பந்தயம் நெருங்கியதும் கார் சொன்னது: "எடை குறைஞ்சாத்தான் ஜெயிப்பேன். உங்க ரெண்டு பேருல ஒருத்தர் இறங்கணும்."

மோட்டார் பதறியது. "பொத்தானை அமுக்கினா கண்ணாடி தானா ஏறுதே! அந்தச் சுகத்தை அண்ணனால தர முடியுமா?"

"சுகம் வேணும்னா சோபா வாங்கட்டும் தம்பி," என்றது கைப்பிடி. "பந்தயக் காருக்கு ஒரே இலக்கணம்தான். எது இல்லாம ஓட முடியுமோ, அது சுமை."

கார் ஒப்புக்கொண்டது. மோட்டார் கழற்றப்பட்டு, கொட்டகையிலிருந்த பழைய சாமான் பெட்டிக்குப் போனது.

மறுநாள் கார் மீண்டும் பேசியது. "நீ சொன்னதை யோசிச்சேன். கண்ணாடி இல்லாமயும் ஓடலாமே? கண்ணாடி போயிட்டா உனக்கு இங்க என்ன வேலை?"

கைப்பிடி தன் வாதத்தில் ஓட்டை தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. மாலையில் அதுவும் பெட்டிக்குள் மோட்டாருக்குப் பக்கத்தில் கிடந்தது.

பந்தயத்தன்று, கார் உறுமியபடி மலையேறும் சத்தம் கொட்டகைவரை கேட்டது.

"என்ன வேகம் பாத்தியா!" என்றது கைப்பிடி பெருமையாக. "நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா?"

"ரொம்பச் சரி அண்ணே," என்றது மோட்டார். "கொஞ்சம் தள்ளிப் படுங்க. முதுகுல குத்துது."