சுவர் சொன்ன பதில்

“சார், சுவர் பதில் சொல்லுது.”

கைபேசியில் எஞ்சினியர் அனிருத்தின் குரல் வந்தது. அவர் ஏழாம் மாடிக்கு நேரே, கிரேன் கூடைக்குள், இடுப்பில் கயிறும் கையில் சுத்தியலுமாக நின்றார். கீழே நடைபாதையில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் குணரத்தினம். அந்தக் கட்டடத்தின் வீட்டுக்காரர் சங்கத் தலைவர்.

“என்ன தம்பி சொல்லுறீர்?”

“நீங்களே கேளுங்க.” அனிருத் செங்கல்லில் ஒரு தட்டுத் தட்டினார். டொக். உடனே சுவர் திருப்பிச் சொன்னது: டொக், டொக்.

குணரத்தினம் சுவரை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

ஐந்து மாடியும் அதற்கு மேலும் உயர்ந்த கட்டடம் என்றால், ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை வெளிச்சுவரைச் சோதித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். சோதனை என்ன பெரிய சோதனை, சந்தையில் வத்தகப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற கதைதான். கெட்டிச் சத்தம் வந்தால் நல்ல சுவர். பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே கல் கழன்றிருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாகச் சத்தம் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

“ஆறு மாடி வரைக்கும் சூப்பரா இருந்துச்சு சார். இங்கதான் உள்ள ஏதோ பெரிய பொந்து இருக்கு, எதிரொலி வருது. என்னால ரிஸ்க் எடுக்க முடியாது. வாசலை அடைச்சு எல்லாரையும் வெளியே வரச் சொல்லுங்க.”

“இண்டைக்கோ? ஐயோ தம்பி, இண்டைக்கு மட்டும் வேண்டாம்!”

அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. மனைவி அனுசூயாவின் அண்ணன் நடராசா, டொரொண்டோ வீட்டை விற்றுவிட்டு, சாமான் முழுவதையும் லொறியில் ஏற்றிக்கொண்டு இதே கட்டடத்துக்குக் குடிவந்துகொண்டிருந்தார். “இந்தப் பியர்பொன்ட்ஸ் ஊரிலயே இப்பிடி உறுதியான கட்டடம் கிடையாது மச்சான்” என்று மாதக்கணக்காக ஓதி ஓதி வாங்க வைத்தவர் சாட்சாத் குணரத்தினம்தான். அந்த மனுஷன் வந்து இறங்கும்போது வாசலில் வேலி நின்றால், பிறகு மனைவி வீட்டாரின் முகத்தில் எப்படி முழிப்பது?

ஆனாலும் சட்டம் சட்டம்தானே. வேலி வந்தது. சனம் தெருவில் இறங்கியது. ஏழாம் மாடியில் பிலோமினம்மா என்பவரின் பக்கத்து வீட்டில் இருக்கும் றஜிந்தன், போர்வையைப் போர்த்தபடியே வந்து நின்றான். அவனுக்கு டோர்வல் விமான நிலையத்தில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம்.

“அண்ணை, மனுசனைப் படுக்க விடமாட்டியளே? ஒரு பக்கம் அடுத்த வீட்டு அன்ரியின்ர கிரைண்டர், இப்ப சுத்தியலும்! இந்தக் கட்டடத்தில ஆர் தும்மினாலும் எந்தச் சுவருக்குள்ளால கேக்குதெண்டே தெரியாது.”

“உஷ்! மச்சான் வாற நேரத்தில உதுகளைக் கதையாத!”

மேலே அனிருத் இரண்டு தட்டினார். சுவர் நாலு தட்டியது. மூன்று தட்டினார். சுவர் ஆறு தட்டியது. அதுவும் முன்னையைவிடப் பலமாக.

“சார், கண்டிஷன் மோசமாகிட்டே போகுது!”

குணரத்தினம் வேறு வழியின்றி மச்சானை அழைத்தார். “மச்சான், கோவிக்காதேங்கோ. லொறியைத் திருப்புங்கோ.”

மறுமுனையில் லொறி இரைந்துகொண்டிருந்தது. நடராசா அமைதியாகக் கேட்டார். “வீட்டை வித்திட்டன் குணம். எங்க திருப்ப?”

குணரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மூக்கைச் சீறினார்.

அனுசூயா ஓடிவந்தாள். “இஞ்சருங்கோ, எல்லாரும் இறங்கியாச்சு. பிலோமினம்மாதான் வரேல்லை. போன் எடுத்தா, ‘நான் விட்டுக்குடுக்கமாட்டன்’ எண்டிட்டு வைக்கிறா.”

“அந்த மனுசி சுவரோட சேர்ந்து விழப்போகுதே!”

லிஃப்டையும் நிறுத்தியிருந்தார்கள். சங்கத் தலைவர் ஆயிற்றே, குணரத்தினம் படிகளில் ஏறினார். மூச்சு வாங்கியது. ஏழாம் மாடிக் கதவைப் படபடவென்று தட்டினார்.

பிலோமினம்மா கதவைத் திறந்தார். முகமெல்லாம் வியர்வை, கொண்டை அவிழ்ந்து தொங்கியது. பின்னால் குசினியில் கிரைண்டர் உளுந்தை அரைத்துக்கொண்டிருந்தது. கையில் இஞ்சி இடிக்கிற இரும்பு உலக்கை.

“அன்ரி, கெதியா வாங்கோ! சுவர் விழப்போகுது!”

டொக், என்றது சுவர்.

பிலோமினம்மா திரும்பி ஒரே ஓட்டமாகக் குசினிக்குள் போனார். டொக், டொக். அதே வேகத்தில் திரும்பி வந்து உலக்கையை ஆட்டிக்கொண்டு சொன்னார்:

“பொறு தம்பி! என்ர கிரைண்டருக்கு உந்த றஜிந்தன் சுவரில ஒண்டு தட்டினா, நான் ரெண்டு தட்டாமல் ஓயமாட்டன்!”