பல்லிக்கு ஆறடிப் பெட்டி

"ஆறடி நீளம், ஆறடி உயரம்" என்றார் பெரியவர்.

"பல்லிக்குத்தானே ஐயா கேட்கிறீங்க? முதலைக்கு இல்லையே?"

"பல்லிக்குத்தாம்மா. ஜோடி. வீட்ல இருக்கு. பெட்டி மட்டும் போதும்."

வளர்ப்புப் பல்லியும் அதற்கான கண்ணாடிப் பெட்டியும்தான் என் வியாபாரம். தெருவில் எனக்குப் பல்லிக்காரி என்றே பெயர். பந்தாவுக்குப் பெட்டி கேட்கிற ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு ஜோடிக்கு ரெண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தாராளம். வளர்ப்புப் பல்லி சுவத்துப் பல்லி மாதிரி இல்லை, தரையில ஓடுற ஜாதிங்க அது. அவ்வளவு உசரத்துல ஏறி விழுந்தா யாரு பொறுப்பு?"

"ஆறடி இல்லாம சரிப்படாதும்மா. அப்புறம், பின்பக்கம் கண்ணாடியே வேண்டாம். அடைச்சிடுங்க. இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அந்தப் பக்கம் துளிகூடத் தெரியக் கூடாது."

"அது சரி! பார்க்கத்தானே ஐயா வளர்க்கிறது? இப்ப எங்கே வச்சிருக்கீங்க அதுங்களை?"

பெரியவர் தலையைச் சொறிந்தார். "ஒரே ரூம்தாம்மா எங்களுக்கு. சும்மா திறந்தாப்பலதான்..."

எனக்கு வந்ததே கோபம்!

"நல்லா இருக்கே! பெட்டி பெருசா சிறுசாங்கிறது ரெண்டாவது ஐயா. மறைவிடம் வேணும், மறைவிடம்! நாலு பேரு பார்த்துக்கிட்டே இருந்தா அதுங்க மிரண்டு போகும். ஒழுங்காச் சாப்பிடாது. ஒண்ணோட ஒண்ணு சேரவே சேராது. அதுவும் உயிர்தானே? கொஞ்சமாவது மனசு வேண்டாம்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "அதையேதாம்மா நானும் ஒரு மாசமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். ஆறடிக்கு ஆறடி மர அலமாரி. அதில் நடுத்தட்டில் மட்டும் பல்லிக்கு ரெண்டரை அடிப் பெட்டி. பின்பக்கமும் மற்றதெல்லாமும் பலகை.

"எல்லாம் பலகையா? ரொம்ப நல்லது!" என்று சந்தோஷப்பட்டார் மனிதர். பல்லி வளர்க்கிறவர் பேச்சா இது? சரியான ஜம்பப் பேர்வழி என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்களோடு போய் இறக்கினேன். ஒரே அறை, பக்கத்தில் குட்டி சமையலறை. சுவரோரமாக நகர்த்தச் சொன்னேன். பெரியவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"அங்கே வேண்டாம்மா, இங்கே!"

அறையின் நட்டநடுவில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். அலமாரியை அதன் மேல் நிறுத்தினோம். அறை ரெண்டாகிவிட்டது. இந்தப் பக்கம் சுருட்டி வைத்த பழைய பாய் ரெண்டு. அந்தப் பக்கம் ஒரு புது மெத்தை. பெரியவரின் சம்சாரம் வாசலில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தார்.

"எங்கே ஐயா உங்க ஜோடி? கொண்டாங்க, உள்ளே விட்டுடலாம்" என்றேன்.

பெரியவர் உதட்டில் விரலை வைத்தார். மெல்லச் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

அங்கே அவருடைய மகனும் மருமகளும் பாத்திரம் கழுவுகிற சாக்கில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணமாகி ஒரு மாசம் ஆச்சும்மா. திரை கட்டினா அந்தப் பொண்ணு கூச்சத்துல எங்க முகத்தையே பார்க்காது. அதான்..."

கடையில் இவரிடமா மனசு வேண்டாமா என்று கேட்டேன்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பெரியவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"உன் கடையில இருந்து ரெண்டு பல்லி உடனே கொடுத்தனுப்பும்மா. இந்தப் பெட்டி எதுக்கு மாமான்னு மருமக கேட்டுட்டா, நான் என்னத்தைச் சொல்றது?"