கீறல் விழுந்த குண்டன்

ஒரு ரிப்பேர் கடை டிராயரில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கைக்கடிகாரங்கள் இரண்டு படுத்திருந்தன. ஒருவன் ஒல்லியன், இன்னொருவன் குண்டன். இரண்டு பேர் முதுகிலும் பட்டாளத்து அம்புக்குறி இருந்தது. மறுபடியும் யார் கையிலாவது ஏறி மணி காட்ட வேண்டும். அவர்களுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

"பழைய கடிகாரம் சேர்க்கிற பெனடிக்ட் சார் இன்னைக்கு வர்றாராம்" என்றான் குண்டன்.

ஒல்லியன் உடனே மெருகுத் துணியைக் கூப்பிட்டான். "அக்கா, என்னை நல்லா தேய்ச்சு விடுங்க. பொண்ணு பார்க்க வர்ற மாதிரி வர்றாரு."

துணி தேய்த்த தேய்ப்பில் கீறலெல்லாம் போய், அம்புக்குறியும் பாதி அழிந்தது.

"நீயும் வாடா குண்டா."

"போக்கா, எனக்குக் கூச்சமா இருக்கு" என்று குண்டன் புரண்டு படுத்துக்கொண்டான்.

பெனடிக்ட் சார் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ஐயையோ, மெருகு போட்டு இதைக் கெடுத்துட்டீங்களே!" என்று ஒல்லியனைத் தள்ளி வைத்தார். குண்டனின் ஒவ்வொரு கீறலையும் தடவிப் பார்த்துப் பூரித்துப்போய், அவனையே வாங்கிக்கொண்டார்.

"வரட்டுமாடா பளபளா!" என்று சட்டைப்பையிலிருந்து சிரித்தான் குண்டன்.

விலைபோகாத ஒல்லியனுக்குக் கடைக்காரரே புது வார் மாட்டி, தன் கையில் கட்டிக்கொண்டார்.

குண்டன் போய்ச் சேர்ந்த இடம் ஒரு கண்ணாடிப் பெட்டி. "சார், கொஞ்சம் சாவி கொடுங்க. நல்லா ஓடுவேன்" என்று கெஞ்சினான்.

"ஓடினா தேஞ்சு போயிடுவே கண்ணு. சும்மா இரு, அதுதான் உனக்கு அழகு" என்று கொஞ்சிவிட்டுப் பெட்டியைப் பூட்டினார் பெனடிக்ட் சார். பிறகு மணி பார்க்க செல்போனை எடுத்தார்.