மொம்பாசா முள்

"நஸீரா, இன்னிக்காச்சும் முளை ஏதும் தெரியுதா? நல்லாப் பாத்தியா?"

கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே சலாஹுதீன் குரல் கொடுத்தார். முற்றத்தில், விதை ஊன்றிய தேங்காய்ச் சிரட்டைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

"இன்னும் இல்ல மச்சான். முள்ளு மரத்து விதையில்லையா, மெதுவாத்தான் வரும்."

"வரட்டும், வரட்டும். அல்லா நாடினா வரும்."

சலாஹுதீன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஒருமுறை ஆப்பிரிக்காவில், மொம்பாசாவுக்கு அப்பால் ஒரு பொட்டல்வெளியில், காய்ச்சல் கண்டு விழுந்துவிட்டார். மொழி தெரியாத அந்த ஊர் ஜனங்கள் அவரைக் குடைபோல் விரிந்த ஒரு முள்மரத்து நிழலில் கிடத்தி, தண்ணீர் புகட்டிப் பிழைக்க வைத்தார்கள். புறப்படும்போது அந்த மரத்தின் விதைகளை மடியில் முடிந்துகொண்டு வந்தார். சொந்த ஊரான பாம்பனில் பெண்கள் நல்ல தண்ணீருக்காக வெயிலில் காத்துக் கிடக்கும் ஊற்றுக்கரையில் அதை வளர்ப்பதாக நேர்ச்சை.

ஊர் திரும்பிய கொஞ்ச நாளில், சரக்கு இறக்கும்போது மூட்டை சரிந்து இடுப்பு ஒடிந்துபோனது. கட்டிலோடு கிடப்பவருக்கு அந்த மரம் ஒன்றுதான் மிச்சமிருந்த ஆசை.

அது முளைக்காது என்று நஸீராவுக்குத் தெரியும்.

'கொதிச்ச தண்ணிய இறக்கி வச்சு, அதுல விதையப் போட்டு ஊறவிடு. தோல் இளகினாத்தான் முளைக்கும்' என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளோ பயறு அவிக்கிற நினைப்பில், அடுப்பில் கொதிக்கும் சட்டியிலேயே போட்டுவிட்டாள். வாசலில் மீன்காரியிடம் பேரம் பேசிவிட்டு வந்து பார்த்தால், விதைகள் வெந்து தோல் பிதுங்கிக் கிடந்தன. சொல்ல வாய் வரவில்லை. வெந்ததையே சிரட்டைகளில் ஊன்றி வைத்தாள்.

"என்னக்கா, தெனமும் சிரட்டைக்குத் தண்ணி ஊத்துற? தேங்கா காய்க்கப் போகுதா?"

வேலிக்கு அப்பால் ஆடுகளோடு நின்ற முருகேஸ்வரி சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி. சிரிக்கப்போன நஸீரா அழுதுவிட்டாள். வேலியோரம் போய், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சொன்னாள்.

"உசுரு கொடுத்த மரம்னு மச்சான் பொத்திப் பொத்திக் கொண்டாந்தது, முருகேஸ்வரி. நான் சுண்டல் அவிச்ச மாதிரி அவிச்சுட்டேன். தெரிஞ்சா அவுக தாங்க மாட்டாக."

முருகேஸ்வரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏய், அந்தத் துணிய மேயாத சனியனே!" என்று ஆட்டை அதட்டினாள். பிறகு, "அழுவாதக்கா. படைச்சவன் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில், சிரட்டை மண்ணைப் பிளந்துகொண்டு பச்சை எட்டிப் பார்த்தது. ஒன்றல்ல, நாலைந்து.

"மச்சான்! முளைச்சிருச்சு!"

ஒரு சிரட்டையை அவர் கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சலாஹுதீன் விரல் நுனியால் துளிரைத் தொட்டார். கண் நிறைந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! இதே எலைதான் நஸீரா. அங்கன நான் பாத்த அதே எலை. உன் கை ராசியான கை!"

நஸீராவும் இறைவனின் அற்புதம் என்றுதான் முதலில் நினைத்தாள். சிரட்டையைத் திரும்ப வைக்கும்போதுதான், மண்ணில் உதிர்ந்து கிடந்த ஆட்டுப் புழுக்கையைப் பார்த்தாள். அவள் ஒருநாளும் எருப் போட்டதில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்டுக்கொட்டிலுக்கு ஓடினாள்.

"முருகேஸ்வரி, நீதானே போட்ட?"

கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தவள் திருதிருவென்று விழித்தாள். "ஆமாக்கா. நம்மூரு முள்ளு மரம், உடைமரத்து விதைதான். ஆடு காஞ்ச நெத்தைத் தின்னு கழிச்ச விதை சுருக்கா முளைச்சிரும். நீ ஊத்துக்குப் போனப்ப, வெந்ததத் தோண்டிட்டு இத ஊனிட்டேன். இதுவும் கொடை மாதிரித்தான் விரியும். ஊத்துக்கு வாரவளுக்கு நெழல் இருந்தாச் சரிதானக்கா?"

நஸீரா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அல்லா உனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான் தாயி. என் மச்சான் சிரிச்சு எத்தனை நாளாச்சு! ஒண்ணே ஒண்ணு. அவுகளுக்கு இது தெரியவே வேணாம். ஆப்பிரிக்கா மரம்னே நெனச்சுச் சந்தோசமா இருக்கட்டும். சத்தியமாச் சொல்ல மாட்டியே?"

முருகேஸ்வரி கைகளை உருவிக்கொண்டாள்.

"போக்கா! ஆளுக்கொரு சத்தியம் கேட்டா நான் எங்கிட்டுப் போக? இந்தப் புண்ணியத்த நான் வாங்கிக்கிட்டா சாமிக்கே அடுக்காது. நீ எங்கிட்ட அழுதியே, அதுக்கு முந்தின நாளே விதைய ஊனியாச்சு. அடுப்படியில நடந்தது அம்புட்டையும் கட்டில்ல கெடந்தபடியே பாத்துட்டு, அண்ணன்தான் நீ இல்லாதப்ப என்னைய சன்னலோரம் கூப்பிட்டுச் சொன்னாக: 'தங்கச்சி, எம்பொண்டாட்டி விதைய அவிச்சுட்டு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கா. உன் கொட்டில்ல இருந்து நாலு உடைவிதை கொண்டாந்து ஊனிரு. எனக்குத் தெரியும்னு மட்டும் அவ காதுக்குப் போயிறக் கூடாது.'"