புதுவயல் வேனுக்கு ரெட்டை வீல்

முதல் அடியில் வேன் கண்ணாடி நொறுங்கியது. பொன்னுத்தாயி ஜாக்கிக் கம்பியை ஓங்கியபடி மெக்கானிக் அபூபக்கர் பக்கம் திரும்பினாள்.

"எம் புருசனக் கொன்னது பத்தாதா? எந் தம்பியவும் கொல்லணுமா?"

புதுவயல் அரிசி மில்லுக்குச் சொந்தமான இடத்தில் இருந்தது அந்தப் பட்டறை. மில்லின் பிக்கப் வேனுக்குப் பின்னால் பக்கத்துக்கு ரெண்டு வீலாக மாட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. போன வருடமும் இப்படித்தான் ஒரு வேனுக்கு மாட்டினார்கள்; வீல் கூடிவிட்டதே என்று மூட்டையையும் இரட்டிப்பாக அடுக்கினார்கள். அச்சு முறிந்து அவள் புருசன் கருத்தையா நசுங்கிச் செத்தான். அதற்கும் வீல் மாட்டியவர் இதே அபூபக்கர்தான். இந்த வேனை ஓட்டப்போவது அவள் தம்பி முத்தப்பன்.

மில் மேனேஜர் சத்தியமூர்த்தி தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு கத்தினார்.

"யோவ் பாய், அவளை வெளிய தள்ளுய்யா! நாளைக்கு வண்டி வரல, பட்டறையக் காலி பண்ணிருவேன்!"

பாவி மனுசன் அபூபக்கர், ஓடியாவது போயிருக்கலாம். பின்கதவு திறந்துதான் கிடந்தது. வேலையாட்களையும் அரைமணி முன்பே டீ குடிக்க அனுப்பிவிட்டு, தன்னந்தனியாக நின்றார்.

தோளில் ஒன்று விழுந்தது. முட்டியில் ஒன்று. தடுமாறி வேனைப் பிடித்தவரின் வலது மணிக்கட்டில் மூன்றாவது அடி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் மேனேஜருக்கே கேட்டது.

"யா அல்லா!" என்று அலறி விழுந்தார் அபூபக்கர்.

மேனேஜர் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "போலீசக் கூப்புடவா?"

"வேணாம்யா... புருசனப் பறிகொடுத்தவ."

"அப்ப என் வண்டி?"

"இங்குட்டு வேற யாரும் இந்த வேலை செய்ய மாட்டாக. மதுரைக்குத்தான் கொண்டு போகணும். ஒரு மாசம் ஆகும்யா."

"அதுக்குள்ள அறுவடையே முடிஞ்சுரும்!" மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "ரெட்டை வீலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். லாரிய வாடகைக்கு எடுத்துக்கிறோம்."

ராஜ்தூத் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு பறந்தார்.

சத்தம் ஓயும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு பொன்னுத்தாயி கம்பியை வீசிவிட்டு ஓடிவந்து, முந்தானையைக் கிழித்து அவர் கையைக் கட்டினாள். அவளுக்கு அழுகை நிற்கவில்லை.

அபூபக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"இடது கைன்னுதானே பேசிக்கிட்டோம், தங்கச்சி?"