வக்கீலின் மணல் சேவை

புதுக்கோட்டை கோல்ஃப் திடலில் தண்ணீர்ப் பஞ்சம். பந்து விழும் குழிகளைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் மணல்தான். ஆடியவர்களே தங்கள் காலடித் தடங்களைச் சமப்படுத்திவிட்டுப் போக வேண்டும். யாரும் செய்வதில்லை. அத்தனையையும் குனிந்து சமப்படுத்தியே காவல்காரி வியாகுலமேரியின் இடுப்பு ஒடிந்தது.

ஒரு திங்கட்கிழமை முதல், அங்கே ஆட வரும் வக்கீல் தேனப்பன் மாறிப்போனார். தினமும் மண்டியிட்டு, எல்லாக் குழிகளையும் சுற்றிக் கையாலேயே மணலைத் தடவிச் சமப்படுத்தினார். அதைப் பார்த்து வெட்கப்பட்டு மற்றவர்களும் குனியத் தொடங்கினார்கள்.

சனிக்கிழமை, மேரி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மோதிரத்தை நீட்டினாள்.

"இதைத்தானே தேடுறீங்க, ஐயா?"

"ஆமா மேரி, மாமனார் போட்டது. ஒரு வாரமா வீட்டுல கையை மறைச்சுக்கிட்டுத் திரியிறேன். எப்பக் கெடச்சுச்சு?"

"திங்கக்கெழமையேங்க. அன்னைக்கே குடுத்திருந்தா இத்தனை பேரு குனிஞ்சிருப்பாங்களா?"

தேனப்பன் வாய்விட்டுச் சிரித்தார்.